இருபத்திரண்டு மாடி லாட்ஜ்

போன வாரம் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "இங்க ஒரு லாட்ஜைப் பத்திப் படிச்சிட்டிருக்கேம்மா. 1939லயே இடிச்சுட்டாங்க."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "லாட்ஜா? லாட்ஜை இடிச்சா உனக்கென்னடி?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நமக்கு லாட்ஜ் என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு ஒரு படி மேலே. வராந்தாக் கொடியில் காயும் துண்டு, கதவில் பெயின்ட்டில் எழுதிய நம்பர், கீழே மர மேஜைக்குப் பின்னால் தடித்த நோட்டை விரித்து வைத்திருக்கும் மேனேஜர். நான் சொன்னது ஃப்ரீமேசன்களின் லாட்ஜ். கல்தச்சர்களின் பழைய சங்க வழக்கங்களைப் பாவனையாக எடுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் 'சகோதரர்' என்று அழைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் கூடும் ஆண்களின் சங்கம். மூலைமட்டமும் கவராயமும் அவர்கள் சின்னம். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே சொல்லமாட்டார்கள். வெளியே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? மதராஸ் பக்கத்தில் அந்தக் காலத்தில் மேசன் மண்டபத்துக்கு 'தலைவெட்டுக் கோவில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாகச் சேர்பவன் தலையை உள்ளே வெட்டி மறுபடி ஒட்டவைக்கிறார்கள் என்று பேச்சு. இதை அம்மாவிடம் சொன்னதும் வெங்காயத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ம், சொல்லு" என்றாள்.

கதை ஒரு போஸ்ட்கார்டில் தொடங்குகிறது. இங்கே சிகாகோவில் கோடை வந்தால் சனி, ஞாயிறுகளில் பழைய சாமான் சந்தை போடுவார்கள். அதில் ஒரு தாத்தாவின் ஷூ பெட்டிக்குள் கிடைத்தது, இரண்டு டாலர். குறுகலாக, நெடுநெடுவென்று ஒரு கட்டடம். உச்சியில் ஓட்டுவீடு போலச் சரிந்த கூரைகள், கூம்பு கூம்பாக. பிற்பாடு கையால் வண்ணம் தீட்டியது போல வானம் ஒரே ரோஸ். கீழே குதிரைவண்டிகள் எறும்பளவு. 'மேசானிக் டெம்பிள், சிகாகோ' என்று அச்சு. படத்தின் ஓரத்திலேயே பென்சிலில் யாரோ கிறுக்கியிருந்தார்கள்: மேலே ஏறினார்களாம், ஏரி தெரிந்ததாம். படத்தின்மேல் ஏன் எழுத வேண்டும் என்று திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் விலாசத்துக்கு மட்டும்தான். 1907 மார்ச் வரை அமெரிக்கத் தபாலில் அதுதான் சட்டம், சேதி எழுதினால் முன்பக்கத்தில்தான் எழுத வேண்டும். ஆக அட்டை அதற்கு முந்தையது.

படத்தில் உள்ள மூலை, ஸ்டேட் தெருவும் ரேண்டால்ஃப் தெருவும் சந்திக்கும் வடகிழக்கு மூலை. நான் தினமும் ரெட் லைன் சுரங்க ரயிலில் இறங்கிப் படியேறி வெளியே வரும் மூலை! அடுத்த திங்கட்கிழமை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நின்றேன். தெற்கே ரேண்டால்ஃபைத் தாண்டினால் மார்ஷல் ஃபீல்டின் பழைய பெரிய கடை, மூலையில் பச்சை பிடித்த வெண்கலக் கடிகாரம். வடக்கே பார்த்தால் சிகாகோ தியேட்டரின் செங்குத்தான பெயர்ப்பலகை. நடுவில், அட்டைக் கட்டடம் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிக் கோபுரம் ஒன்று. ஜாஃப்ரி பாலே குழுவின் இருப்பிடம், 2008இல் வந்தது. ஜன்னல் வழியே சில சமயம் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக்கால் நீட்டும் பிள்ளைகள் தெரிவார்கள். அட்டையோடு ஒத்துப்போன ஒரே விஷயம், இரண்டு தெருவும் வெட்டிக்கொள்ளும் கோணம்.

மேசன்களுக்கு எதற்கு இருபத்திரண்டு மாடி? அவர்களுக்கு வேண்டியது ஜன்னல் இல்லாமல் இருந்தாலும் பரவாயில்லை என்கிற சில மண்டபங்கள், அவ்வளவுதான். ஆனால் ஸ்டேட் தெருவில் மனை விலை அப்படி. நம்ம ரங்கநாதன் தெருவையும் மவுண்ட் ரோட்டையும் ஒன்றாக்கினால் வரும் தெரு அது. அதனால் ஒரு கணக்குப் போட்டார்கள். கீழே கடைகள், நடுவே ஆபீஸ்கள், உச்சியில் மட்டும் நாம். கீழே வருகிற வாடகையில் மேலே இருப்பது இலவசம் மாதிரி. வீட்டைக் கட்டி கீழ்ப்போர்ஷனை வாடகைக்கு விட்டு மாடியில் குடியிருக்கும் மாம்பலத்து யோசனைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

1890 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். வடிவமைத்தது பர்ன்ஹாம் அண்டு ரூட். அந்த நேரத்தில் சிகாகோவில் அவர்களுக்கு மேல் ஆள் கிடையாது. பர்ன்ஹாம் ஆளைப் பிடித்து வேலையைக் கொண்டுவருபவர், ஜான் வெல்போர்ன் ரூட் வரைபவர். அடிக்கல் போட்டு இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, 1891 ஜனவரி 15 அன்று ரூட் நிமோனியாவில் போய்விட்டார். வயது 41. அவர் வரைந்த கோபுரம் அவர் இல்லாமலே எழுந்தது. 1892இல் முடிந்தபோது உயரம் 302 அடி. 1987இல் கட்டி முடித்த ஸ்ரீரங்கத்து ராஜகோபுரமே 236 அடிதான். மெட்ராஸ்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்த எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் வந்தது, 14 மாடி, 177 அடி.

உலகிலேயே உயரம் என்று இவர்கள் தம்பட்டம் அடித்தார்கள். நியூயார்க்கில் 1890லேயே வந்துவிட்ட வேர்ல்டு பத்திரிகைக் கட்டடம் 309 அடி ஆயிற்றே என்றால், அது உச்சியில் குமிழ் மாடத்தோடு சேர்த்து, மனுஷன் புழங்கும் மாடி எதில் உயரம் என்று பாருங்கள் என்பார்கள். ஊருக்குள்ளேயே தானியச் சந்தைக் கட்டடத்தின் மணிக்கூண்டு இதைவிட உயரமாக நின்றது. 1895இல் அந்தக் கூண்டை இறக்கிய பிறகு உள்ளூரில் அந்தத் தகராறும் தீர்ந்தது. உயரத்துக்கு எதை எண்ணுவது என்பதில் மனுஷனுக்கு மனுஷன் நியாயம் வேறு.

உள்ளே நுழைந்தால் நடுவில் பெரிய முற்றம். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை மேலே மேலே அடுக்கிக்கொண்டே போனால் எப்படி இருக்குமோ அப்படி. அதைச் சுற்றி ஒன்பது மாடிக்குக் கடைகள். அதற்கு மேல் ஆபீஸ்கள். எல்லாவற்றுக்கும் மேல் மேசன்களின் மண்டபங்கள். கூரையில் கண்ணாடி போட்ட காட்சிக்கூடம், காசு கொடுத்து ஏறிப் பார்க்கலாம். 14 லிஃப்டுகள்.

இந்த 14 என்கிற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த மறு வருஷம், 1893, சிகாகோவில் உலகக் கண்காட்சி. மே முதல் அக்டோபர் வரை இரண்டேமுக்கால் கோடிக்குப் பக்கமாக நுழைவுகள். கண்காட்சிக்குக் கட்டட வேலைகளின் தலைவர் இதே பர்ன்ஹாம்தான். வந்த வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கோபுரத்தில் ஏறி ஏரியைப் பார்ப்பதும் ஒரு சடங்கு.

அந்தக் கூட்டத்தில் நமக்குத் தெரிந்த ஒருவரும் ஊருக்குள் இருந்தார். செப்டம்பர் 11, சர்வமத மகாசபை, மிச்சிகன் அவென்யூவில் இன்றைக்கு ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கும் கட்டடம். விவேகானந்தரை அங்கே அனுப்ப மதராஸில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடுவீடாகப் போய்ப் பணம் திரட்டியது நாம் பள்ளியிலேயே படித்தது. படிக்காத ஒன்று: நரேந்திரநாத் தத்தராக இருந்தபோதே அவரும் ஒரு ஃப்ரீமேசன். 1884 பிப்ரவரியில் கல்கத்தாவின் 'ஆங்கர் அண்டு ஹோப்' லாட்ஜில் சேர்ந்தார். அதே மாதம் அவர் அப்பா இறந்து குடும்பம் நொடித்தது. மகாசபை நடந்த வாசலிலிருந்து மேசன் கோபுரத்துக்கு நடை பத்து நிமிஷம். நான் நேரம் பார்த்து நடந்தேன், சிக்னலில் நின்றதையும் சேர்த்து பன்னிரண்டு. காவித் தலைப்பாகையோடு அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதாக நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். நினைத்துக்கொள்வதற்குக் காசா பணமா? அந்த அவென்யூவில் ஒரு பகுதிக்கு இன்றைக்கு அவர் பெயரையும் வைத்திருக்கிறார்கள்.

அதே 1893இல் நகரசபை ஒரு சட்டம் போட்டது, இனிமேல் 130 அடிக்கு மேல் யாரும் கட்டக்கூடாது. கோபுரங்கள் தெருவை இருட்டாக்குகின்றன, ஆபீஸ் இடம் தேவைக்கு மேல் பெருகிவிட்டது என்று முணுமுணுப்பு. கட்டி முடித்தவனுக்கு யோகம், பக்கத்தில் போட்டிக்கு யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள். இன்னொரு சகோதரர் சங்கமான ஆட் ஃபெலோஸுக்காக லூயி சல்லிவன் என்கிற கட்டடக் கலைஞர் 36 மாடிக்கு ஒரு படம் போட்டுக்கொடுத்திருந்தார். காகிதத்தோடு சரி.

இனி லிஃப்ட் கதை.

மேசன்கள் தினமும் கூடுவதில்லை. உச்சியில் அத்தனை பெரிய மண்டபங்கள் சும்மாதானே கிடக்கின்றன என்று அவற்றை நாடகக் கொட்டகையாகவும் விட்டார்கள். பாட்டு, கோமாளி, வித்தை என்று கலந்துகட்டி நடத்தும் காட்சிகள். கூட்டம் நன்றாக வந்தது, வம்பே அதில்தான்.

இதை நான் ஒரு புத்தகத்திலும் படித்துப் புரிந்துகொள்ளவில்லை, சென்னையில் எங்கள் அபார்ட்மென்ட்டில் பார்த்தேன். ஐந்து மாடி, ஒரு லிஃப்ட், ஆறு பேர் ஏறலாம் என்று பலகை. பத்து வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லை. காலையில் ஒருவர் பால் வாங்க, ஒருவர் வாக்கிங், ஒருவர் ஆபீஸ் என்று சிதறிச் சிதறிப் போவார்கள். பிறகு ஐந்தாம் மாடி வீட்டுக்காரர் வெளிநாடு போகும்போது வீட்டை ஒரு டியூஷன் சென்டருக்கு விட்டார். மாலை ஐந்தரைக்கு நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் மேலே, ஏழுக்கு நாற்பதும் ஒரே சமயத்தில் கீழே. நாள் முழுக்கக் கணக்கெடுத்தால் லிஃப்டில் போய்வந்தவர்கள் அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. ஆனால் அந்த இருபது நிமிஷத்தில் இரண்டாம் மாடி மாமி முட்டிவலியோடு கையில் கீரைக்கட்டை வைத்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள் எல்லா மாடி பட்டனையும் அமுக்கிவிட்டு ஓடுவார்கள். அசோசியேஷன் மீட்டிங்கில் கத்தல். மூன்றாம் மாடியில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர்தான் முதலில் காலி செய்தார், நோயாளிகள் படியேற மாட்டேன் என்கிறார்கள் என்று. டியூஷன் சென்டர் சொன்ன தேதியில் சொன்ன வாடகை கொடுத்தது, அதன்மேல் ஒரு தப்பும் சொல்ல முடியவில்லை.

சிகாகோவில் நடந்ததும் இதே. ஆபீஸ்காரனும் கடைக்கு வருபவனும் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக ஏறி இறங்குவான். நாடகக் கூட்டம் மொத்தமாக ஏறும், மொத்தமாக இறங்கும். அதுவும் போக வேண்டிய இடம் உச்சி, நடு மாடியில் யாரும் இறங்கி இடம் விடப்போவதில்லை. கீழே வக்கீலைப் பார்க்க வந்தவர் ஒவ்வொரு லிஃப்டும் நிரம்பி மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். 14 போதவில்லை. சுவரைத் தள்ளி இன்னும் நாலு லிஃப்ட் வைக்கவும் முடியாது, லிஃப்ட் குழி எல்லா மாடியிலும் வாடகை இடத்தைத் தின்னும். நல்ல வாடகைதாரர்கள் வேறு புதுக் கட்டடங்களுக்கு நகர ஆரம்பித்தார்கள். மாடியை எண்ணிக் கட்டியவர்கள், இறங்கி வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்களை எண்ணாமல் விட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரூட் இருந்திருந்தால் கவனித்திருப்பாரோ என்னவோ.

1903 டிசம்பர் 30 அன்று அதே ரேண்டால்ஃப் தெருவில், ஒரு பிளாக் மேற்கே, இரோக்வா தியேட்டர் பற்றியெரிந்து 602 பேர் செத்தார்கள். பெரும்பாலும் விடுமுறைக் காட்சிக்கு வந்த பெண்களும் குழந்தைகளும். திறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்த தியேட்டர். ஊரில் உள்ள எல்லாத் தியேட்டர்களையும் இழுத்து மூடிச் சோதனை போட்டார்கள். பால்கனியிலிருந்தே இறங்கி ஓட முடியாமல் அத்தனை பேர் போன ஊரில், முந்நூறு அடி உயரத்தில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தால் வயிற்றில் ஒரு பந்து உருளாதா?

1922இல் கட்டடத்தின் பெயரையே மாற்றி 'கேப்பிட்டல்' என்று வைத்தார்கள். மேசன்கள் என்ன ஆனார்கள் என்றால், அடுத்த சில வருஷத்தில் அதே ரேண்டால்ஃப் தெருவில் ஒரு புதுக் கட்டடம் எழுந்தது. 1926இல் திறந்த ஓரியன்டல் தியேட்டர் கீழே, அதற்கு மேலே 'யுனைட்டெட் மேசானிக் டெம்பிள்'. மறுபடியும் 22 மாடி, மறுபடியும் நாடகக் கொட்டகை! ஆனால் இந்தத் தடவை கொட்டகையைத் தரையில் வைத்தார்கள், சகோதரர்களை மேலே. அந்த ஒரு பாடத்தையாவது படித்துக்கொண்டார்கள். கட்டிய இடம், எரிந்துபோன இரோக்வா நின்ற அதே மனை. தியேட்டருக்குள் அலங்காரம் எல்லாம் இந்தியா, கீழை நாடுகள் என்று அவர்களாகக் கற்பனை செய்துகொண்ட பாணி, யானை, புத்தர், அரியாசனம். இன்றும் காட்சி நடக்கிறது, 2019இல் பெயர் மட்டும் மாறியது. ஒரு தடவை டிக்கெட் எடுத்துப் போனேன். இடைவேளை முழுக்கச் சுவரில் யானையைத் தேடினேன். வந்திருந்த தோழி நாடகத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

பழைய கட்டடம் 1939 வரை இழுத்துக்கொண்டு கிடந்தது. அதன் உயிரை வாங்கியது தரைக்குக் கீழே வந்த ஒன்று. சிகாகோ மண் கொழகொழ என்று நீலம் பாரித்த களிமண். கெட்டிப் பாறை தட்ட வேண்டுமானால் சுமார் நூறு அடிக்கும் கீழே போக வேண்டும். 1880களில் அவ்வளவு ஆழம் போக யாருக்கும் மனசில்லை. ரூட் கண்ட வழி: இரும்புத் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, கான்கிரீட் ஊற்றி, அகலமான பலகை போல ஆக்கி, அதன்மேல் தூணை நிறுத்துவது. சேற்றில் நடக்கப் பலகை போடுவோமே, அதே தத்துவம். கட்டடம் களிமண்ணில் மிதக்கும், கொஞ்சம் அமுங்கும், எவ்வளவு அமுங்கும் என்று முன்கூட்டியே கணக்கு வைத்துக் கட்டுவார்கள். கணக்கு எப்போதும் பலிக்காது. ஜாக்சன் தெருவில் இன்றும் நிற்கும் மொனாட்னாக், இவர்கள் கட்டியதுதான், 8 அங்குலம் இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள், 20 அங்குலம் இறங்கியது.

1938 டிசம்பரில் ஸ்டேட் தெருவுக்கு அடியில் சுரங்க ரயிலுக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். மிதக்கும் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே களிமண்ணைக் குடைந்தால் என்ன ஆகும்? அஸ்திவாரத்தைப் புதிதாக வலுப்படுத்த வேண்டும், அதற்குப் பெருஞ்செலவு. வாடகை வராத, உள்ளே வசதிகள் பழசாகிப்போன கட்டடத்துக்கு, அதுவும் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் கடைசியில், யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? இடித்தார்கள். அந்த இடத்தில் வந்தது இரண்டே மாடி. அமெரிக்காவில் இப்படிப்பட்ட கட்டடத்துக்கு 'டாக்ஸ்பேயர்' என்று பெயர். நல்ல காலம் வரும்வரை மனைக்குச் சொத்துவரி கட்டக் காசு வந்தால் போதும் என்று ஒப்புக்குக் கட்டி வைப்பது. 22 மாடி இருந்த இடத்தில் இரண்டு மாடி. அதுவும் தற்காலிகம் என்று வந்தது, கண்ணாடிக் கோபுரம் வரும்வரை எத்தனையோ வருஷம் அந்த மூலையில் குந்திக்கொண்டிருந்தது.

மெரினாவில் கடலைப் பார்த்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று நிற்கும் டி.ஜி.பி. அலுவலகம் ஞாபகம் இருக்கிறதா? அதுவும் மேசன்களின் வீடுதான். 'பர்ஃபெக்ட் யுனானிமிட்டி' லாட்ஜுக்காக 1839இல் கட்டியது. 1874இல் போலீஸ் அதை 20,000 ரூபாய்க்கு வாங்கியது. 1990களில் அதையும் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று அரசு கிளம்ப, வழக்கு உயர் நீதிமன்றம் போய், கட்டடம் பிழைத்தது. எங்கள் பள்ளி வேன் தினமும் அதைத் தாண்டித்தான் போகும், அது தலைவெட்டுக் கோவில் என்று அப்போது தெரிந்திருந்தால் எவ்வளவு கதை விட்டிருப்பேன். சிகாகோவில் 1939இல் வழக்குப் போட ஆளும் இல்லை, போடச் சட்டமும் இல்லை. 1960இல் இதே ரேண்டால்ஃப் தெருவில் சல்லிவனின் காரிக் தியேட்டருக்கு நாள் குறித்தபோதுதான் ஜனங்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு வீதிக்கு வந்தார்கள். அதையும் 1961இல் இடித்து கார் பார்க்கிங் கட்டினார்கள், அது வேறு கதை.

சுரங்க ரயில் 1943 அக்டோபரில் ஓட ஆரம்பித்தது. லேக் தெருவிலிருந்து ஜாக்சன் வரை ஒரே பிளாட்ஃபாரம், 3,300 அடி நீளம். கட்டடம் 302 அடி என்றால் அதைப் படுக்கப்போட்டு வரிசையாகப் பத்துப் பதினொன்று வைக்கலாம். சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருக்கும்போது தூணில் சாய்ந்துகொண்டு இந்த மாதிரி வெட்டிக்கணக்குகள் போடுகிறேன்.

இதையெல்லாம் அம்மாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பாதியில் குக்கர் கூப்பிட்டது. நேற்று மறுபடி பேசும்போது, "அந்த லாட்ஜு போட்டோ வெச்சிருக்கேன்னியே, காட்டு" என்றாள். போஸ்ட்கார்டை கேமராவுக்கு நேரே பிடித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மூக்குக்கிட்ட கொண்டுபோய், விரலால் தொட்டுத்தொட்டு மாடியை எண்ணினாள். பதினேழில் விட்டுப்போய், "கையை ஆட்டாதடி" என்று திட்டிவிட்டு மறுபடி கீழிருந்து ஆரம்பித்தாள்.

"இருபத்தொண்ணுதான் வருது."

"இருபத்திரண்டும்மா. சில பேரு இருபத்தொண்ணுன்னும் எழுதியிருக்காங்க."

"மேல ஓடு வேஞ்சாப்புல இருக்கே, அதுக்குள்ள ஆள் இருந்தாங்களா?"

"அங்கதான் இருந்தாங்க."

"அப்ப இருபத்திரண்டு" என்றாள் அம்மா.